பத்துத் தந்தி, மூன்று பெடல்: ஒரு மாணவர் ஸ்டீல் கிட்டாரோடு ஓராண்டு

பெங்களூர் அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு இந்தப் பெடல் ஸ்டீல் கிட்டார் வந்து சரியாக ஓராண்டு ஆகிறது. மேசைபோல் கிடத்தி, தந்திகள்மேல் எஃகுக் கட்டையை வழுக்கி வாசிக்கும் கிட்டார் இது; பாதத்தால் மிதிக்கும் பெடல்களும் முழங்காலால் தள்ளும் லீவர்களும் சில தந்திகளின் ஸ்வரத்தை மட்டும் மாற்றும். அமெரிக்காவில் கட்டப்பட்டு, கற்றுக்கொள்பவர்களுக்கென்று விற்கப்படும் எளிய மாதிரி இது. ஒற்றைக் கழுத்து, பத்துத் தந்திகள், மூன்று பெடல்கள், நான்கு முழங்கால் லீவர்கள், 24 அங்குலத் தந்தி நீளம் என்பது இதன் அமைப்பு. கப்பல் செலவும் சுங்கவரியும் சேர்ந்து வாத்திய விலையில் பாதியைத் தொட்டன. குறை ஒன்றையும் சொல்ல வேண்டியிருப்பதால் தயாரித்தவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன். இந்த வகை மாதிரிகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் வருவதால் வாங்க நினைப்பவருக்கு அதனால் நட்டமில்லை.

சிறு வயதில் ஆறு ஆண்டுகள் கோட்டுவாத்தியம் கற்றவன் நான். கட்டையை வைத்துத் தந்தியில் வழுக்கும் பழக்கம் கையில் இருந்ததால் இந்த வாத்தியம் எளிதில் வசப்படும் என்று நம்பித்தான் வாங்கினேன். அந்த நம்பிக்கை இடது கையைப் பொறுத்தவரை பலித்தது. கால்களைப் பொறுத்தவரை பலிக்கவில்லை. வாங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1950களின் கன்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையின் கலைஞர்கள் எழுப்பிய ஒலியை, அவர்களுடைய சுருதி அமைப்பிலேயே வாசித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. ஆகவே இந்த மதிப்புரையில் நான் வைத்திருக்கும் உரைகல் அதுதான்.

ஈ9 என்று அழைக்கப்படும் சுருதி அமைப்பில் இது வருகிறது. ஈ ஸ்வரத்தை ஷட்ஜமமாகக் கொண்டால், முதல் தந்தியிலிருந்து பத்தாம் தந்திவரை சதுஸ்ருதி ரிஷபம், காகலி நிஷாதம், அந்தர காந்தாரம், ஷட்ஜமம், பஞ்சமம், மீண்டும் காந்தாரம், ரிஷபம், ஷட்ஜமம், கைசிகி நிஷாதம், பஞ்சமம் என்று நம்மவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ளலாம். ஏ பெடலை மிதித்தால் இரண்டு பஞ்சமத் தந்திகளும் சதுஸ்ருதி தைவதத்துக்கு ஏறும். பி பெடலை மிதித்தால் இரண்டு காந்தாரங்களும் சுத்த மத்யமத்துக்கு ஏறும். மற்றத் தந்திகள் அசையாமல் நிற்கும். கோட்டுவாத்தியத்தில் கட்டை நகர்ந்தால் அதன் கீழுள்ள தந்திகள் எல்லாம் சேர்ந்தே நகரும். இங்கே ஷட்ஜமம் நிலைத்து ஒலிக்கும்போதே பக்கத்துத் தந்தி மட்டும் ஜாருவாக மேலேறி அதனோடு இணைகிறது. முதல் முறை இது சரியாக அமைந்த மாலையில் நான் அரை மணி நேரம் வேறெதையும் வாசிக்கவில்லை.

இந்த உத்தி பரவிய கதை தெரிந்தால் பெடல்களின் அமைப்பு விளங்கும். பெடல் பூட்டிய ஸ்டீல் கிட்டார்கள் அதற்கு முன்பே இருந்தன. 1948இல் ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஸ்பீடி வெஸ்டுக்காக, வாத்தியம் கட்டும் பால் பிக்ஸ்பி ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். ஆனால் 1953இன் இறுதியில் கன்ட்ரிப் பாடகர் வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' பாடலின் பதிவில்தான், ஸ்டீல் கிட்டார் வாசித்த பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து, ஸ்வரம் ஏறுவதைக் கேட்பவர் காதில் விழச் செய்தார். அவரிடம் இருந்தது ஒரே பெடல். பஞ்சமத்தையும் காந்தாரத்தையும் அது ஒன்றாகவே ஏற்றியது. அந்த வேலையை இரண்டு பெடல்களாகப் பிரித்தவர் பட்டி எம்மன்ஸ் என்ற ஸ்டீல் கிட்டார் கலைஞர். பிரித்ததன் பலனை என் வாத்தியத்தில் ஒரு நொடியில் சோதிக்கலாம்: இரண்டையும் சேர்த்து மிதித்தால் ஐசக்ஸின் பழைய ஒலி, ஏ மட்டும் மிதித்தால் மேஜர் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டம்) அதன் இணை மைனராக இருளும், பி மட்டும் மிதித்தால் மத்யமம் தொங்கிக்கொண்டு, கீழிறங்கத் துடிக்கும். இடது பாதத்தைச் சற்றே சாய்த்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவதற்குள் எனக்கு நான்கு மாதங்கள் ஆயின.

வாங்கும்போது பெடல்கள் எம்மன்ஸ் வரிசையிலா, ஜிம்மி டே என்ற இன்னொரு கலைஞரின் வரிசையிலா என்று கேட்பார்கள். முதலாவதில் இடமிருந்து வலமாக ஏ, பி, சி. இரண்டாவதில் சி, பி, ஏ. நான் எம்மன்ஸ் வரிசையைத் தேர்ந்தேன். எது மேல் என்பது பாதமும் கணுக்காலும் தீர்மானிக்க வேண்டிய விஷயம். பாடக் காணொளிகளில் முதலாவதே அதிகம் கண்ணில் படுகிறது என்பதைத் தவிர என்னிடம் வேறு வாதமில்லை.

புதியவரைக் குழப்புவது மேலே உள்ள இரண்டு தந்திகள். மூன்றாம் தந்திதான் உச்சம். முதலிரண்டும் அதைவிடத் தாழ்ந்தவை. 1962இல் எம்மன்ஸ் சேர்த்த தந்திகள் இவை. ஒரே இடத்தில் கட்டையை வைத்தபடியே ஸ்வரவரிசையை முழுமையாக வாசிக்க வழி வேண்டும் என்பதற்காக வந்தவை. அதற்கு முந்திய ஒலியை விரும்புகிறவர் அவற்றைத் தொடாமல் வாசித்தாலே போதும். நான் ஒரு மாதம் அப்படித்தான் வாசித்தேன். கை மிகவும் சுத்தமாயிற்று.

சுருதி சேர்ப்பதில் ஓர் எச்சரிக்கை. மின்னணுக் கருவி காட்டும் பச்சை விளக்கை நம்பிக் காந்தாரத்தைச் சேர்த்தால் கார்டு அதிரும். இயற்கையான காந்தாரம் அந்தக் கருவியின் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் (அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்ந்தது. தம்புராவில் தானாக எழும் ஸ்வயம்பு காந்தாரத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கருவியை மூடிவிட்டுக் காதாலேயே சேர்க்கிறேன். பெடல் மிதிக்காத ஸ்வரங்களை இடப்பக்கத்து முறுக்காணிகளிலும், மிதித்த ஸ்வரங்களை வலப்பக்க முனையில் உள்ள நைலான் மரைகளிலும் திருத்த வேண்டும். இந்த ஏற்பாடு என் வாத்தியத்தில் துல்லியமாக நிற்கிறது. வாரம் ஒரு முறைக்கு மேல் மரைகளைத் தொட நேர்ந்ததில்லை.

குறைகளில் முதலாவது, வாத்தியத்தின் உடல் இளைத்திருப்பது. ஏ, பி இரண்டையும் சேர்த்து மிதித்தால் கூடும் இழுவிசைக்கு உடல் நூலளவு வளைகிறது. அசையாமல் நிற்க வேண்டிய ஷட்ஜமத் தந்திகள் ஐந்தாறு சென்ட் இறங்குகின்றன. ஷட்ஜமத்தைச் சற்றே தூக்கிச் சேர்த்துச் சமாளிக்கலாம். தொழிலால் அச்சுவார்ப்புக்கான மாதிரிகள் செய்தவரான பிக்ஸ்பி, வார்த்த அலுமினியத்தையும் மேப்பிள் மரத்தையும் கொண்டு கட்டிய வாத்தியங்களோடு இதை ஒப்பிடுவது நியாயமன்று என்றாலும், பழைய பதிவுகளில் கேட்கும் நீண்ட கார்வை இதில் முக்கால் பங்குதான் கிடைக்கிறது.

இரண்டாவது, வந்து சேர்ந்த நிலை. பெட்டியைப் பிரித்துப் பி பெடலை மிதித்தபோது மூன்றாம் தந்தி மத்யமத்துக்கு ஏறியது. ஆறாம் தந்தி காந்தாரத்திலேயே நின்றது. இரண்டும் உரசிய ஒலியில் பக்கத்து அறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். கவிழ்த்துப் பார்த்தால் ஆறாம் தந்தியை இழுக்கும் கம்பியின் கொக்கி முறிந்திருந்தது. நிறுவனத்துக்கு எழுதினேன், மூன்று வாரங்கள் கழித்து, பாகத்தை விலைக்குத் தருவதாகவும் அனுப்பும் செலவு என்னுடையது என்றும் பதில் வந்தது. சிவாஜிநகரில் ஒரு லேத் பட்டறைக்கு வாத்தியத்தையே தூக்கிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் ஆரணிப் பக்கத்துக்காரர், கவிழ்ந்திருந்த வாத்தியத்தின் கம்பிகளையும் மிதிகளையும் சற்று நேரம் பார்த்துவிட்டு, "என்ன சார், தறியக் கொண்டாந்து வச்சிருக்கீங்க? எங்க தாத்தா வீட்டுல இப்படித்தான் மிதிப்போம்" என்றார். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் கொக்கி வளைத்து, மறுமுனையில் நைலான் மரைக்கேற்ற புரி வெட்டி, ஒரு மணி நேரத்தில் 350 ரூபாய்க்கு முடித்துக் கொடுத்தார். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

இதில் கிடைக்காதது எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சி6 என்ற இன்னொரு சுருதி அமைப்பு இதில் இல்லை. ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஜெர்ரி பேர்டின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அந்த அமைப்பும், கன்ட்ரியும் ஜாஸும் கலந்த வெஸ்டர்ன் ஸ்விங் பாணியின் அடர்ந்த கார்டுகளும் வேண்டுமென்றால் இரட்டைக் கழுத்து வாத்தியத்துக்குத்தான் போக வேண்டும். கன்ட்ரிப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் பாடல்களில் டான் ஹெல்ம்ஸ் ஸ்டீல் கிட்டாரில் எழுப்பிய கூரிய ஒலி வேண்டுவோர் பெடலுக்குச் செலவழிக்கவே தேவையில்லை. அவர் வாசித்தது பெடல் இல்லாத கிப்சன். பேர்டும் கடைசிவரை பெடல் பக்கம் வரவில்லை. இவ்வகை ஆசை உள்ளவர்கள், பழைய ஹவாயன் கிட்டார் ஒன்றை மலிவாகப் பிடித்தால் பணமும் முதுகுவலியும் மிச்சம்.

தந்திகள் பற்றி ஒரு வார்த்தை. பெடல் ஸ்டீலுக்கான பத்துத் தந்தி செட்டை நான் விசாரித்த பெங்களூர்க் கடைகள் எதிலும் வைத்திருக்கவில்லை. ஆனால் முதலில் அறுவது எப்போதும் மூன்றாம் தந்தி. அதன் தடிமன் 0.011 அங்குலம். 11இல் தொடங்கும் சாதாரண எலக்ட்ரிக் கிட்டார் செட்டின் முதல் தந்தியே அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. தனித் தந்தியாகக் கொடுக்கும் கடையில் கேட்டு ஆறேழு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; எனக்கு மாதம் ஒன்று செலவாகிறது.