எப்போதாவது அணையும் கணினி: கடைக்குக் கொண்டுபோவதா, வீட்டில் சோதிப்பதா, பாகத்தை மாற்றிப் பார்ப்பதா?

கோலாலம்பூர் செந்தூலில் அக்கா வீட்டுக் கணினி மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை பட்டென்று அணைந்துவிடும். விண்டோஸ் பிழையைச் சொல்லும் நீலத்திரை கிடையாது, எச்சரிக்கை கிடையாது. திரை கறுத்து, விசிறி நின்று, இரண்டு நொடியில் தானாகவே மறுபடி எழும். தினமும் பத்து முறை அணைந்திருந்தால் ஒரே நாளில் காரணத்தைப் பிடித்திருக்கலாம். எப்போதாவது வருகிற கோளாறுதான் ஆளைப் படுத்தும். ஒன்றைச் சரிசெய்தால், உண்மையிலேயே சரியானதா என்று தெரிய ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அக்கா வீட்டிலிருந்தபடியே இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். அவருக்கு அந்த ஒரு வாரம் சின்ன விஷயமில்லை.

இதற்கு மூன்று வழி உண்டு. கடையில் கொடுக்கலாம். வீட்டிலேயே இலவச மென்பொருள்களால் சோதிக்கலாம். அல்லது சந்தேகப்படுகிற பாகத்தைக் கழற்றிவிட்டு, நன்றாக ஓடுகிற இன்னொன்றை மாட்டிப் பார்க்கலாம். இந்த ஒரே கணினிக்கு மூன்றையும் செய்து பார்த்துவிட்டோம்.

கடை

அக்கா முதலில் போனது கடைக்குத்தான். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். "ஒரு கோளாறும் இல்லை, விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டோம்" என்று 100 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இரவு மறுபடி அணைந்தது. கணக்குக் கோப்புகளுக்கு நகல் இருந்ததால் தப்பித்தோம். இல்லையென்றால் ஆறு மாத வேலை போயிருக்கும்.

அந்தக் கடைக்காரர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் மேசையில் அது உண்மையிலேயே அணைந்திருக்காது. குளிரூட்டிய அறை, வேறு மின்இணைப்பு, வேலைப்பளு இல்லாத கணினி, அதுவும் இரண்டே நாள். நான்கு நாளைக்கு ஒருமுறை வருகிற கோளாறு அங்கே எப்படித் தலைகாட்டும்? இந்த வகைக் கோளாறுக்குக் கடை சரிப்படாது என்பதற்கு இதுதான் காரணம். திறமைக் குறைவு அல்ல, கோளாறு பிறக்கிற இடம் வேறு.

கணினி எழவே இல்லை, மதர்போர்டில் (எல்லாப் பாகத்தையும் இணைக்கிற தாய்ப்பலகை) கருகிய வாசம், உத்தரவாதம் இன்னும் இருக்கிறது என்றால் அது வேறு கதை. அப்போது நேரே கடைக்குப் போங்கள், ரசீதையும் எடுத்துக்கொண்டு. உத்தரவாதத்தில் தகராறு வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 2019-இல் அதன் வரம்பை 50,000 ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். வழக்கறிஞர் தேவையில்லை.

வீட்டுச் சோதனை

அக்கா மகன் ஒரு நாள், "மாமா, நேற்றும் போய்விட்டது" என்றான். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். தெரியவில்லை. அங்கிருந்துதான் தொடங்கினோம். ஒரு பழைய பள்ளி நோட்டைக் கணினி மேசையில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். அணைந்த நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, வெளியில் மழையா, வீட்டில் வேறு என்ன சுவிட்ச் போட்டிருந்தது என்று நான்கு கட்டம். எந்த மென்பொருளும் இந்த நோட்டு அளவுக்கு எங்களுக்கு உதவவில்லை.

நேரம் மறந்துபோனால் விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கிற ஈவண்ட் வியூவரில் பார்க்கலாம். கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்து, கணினிக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டியான பவர் சப்ளைதான் போய்விட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. முறையாக அணைக்காமல் நின்றுபோனது என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. அதன் விவரப் பகுதியில் பக்செக்கோடு என்று ஒரு வரி உண்டு. அதில் பூச்சியம் அல்லாத எண் இருந்தால் விண்டோஸ் நீலத்திரைக்குப் போயிருக்கிறது, விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் அதற்குத் தடயம் கிடைக்கக்கூடும். பூச்சியம் என்றால் விண்டோஸுக்கு எதையும் எழுதிவைக்க நேரமே இல்லை. மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது முழுதாக உறைந்திருக்கலாம். அக்கா கணினியில் எல்லாமே பூச்சியம்.

அப்படியிருந்தும் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைச் சோதிக்காமல் விடக்கூடாது. இதில் இரண்டு கருவிகள் போட்டி. விண்டோஸிலேயே இருக்கிற மெமரி டயக்னாஸ்டிக் சுலபமானது. தேடலில் பெயரைத் தட்டி, மறுதொடக்கம் செய்தால் போதும். ஆனால் அதன் வழக்கமான சோதனை மேலோட்டமானது, எப்போதாவது தவறுகிற ரேமை அது நல்ல ரேம் என்று அனுப்பிவிடலாம். மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். கொஞ்சம் வேலைதான். 16 ஜிபி ரேமுக்குப் பல மணி நேரம் ஆகும். இலவசப் பதிப்பு நான்கு சுற்றுடன் நிறுத்திக்கொள்ளும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடலாம். என் ஓட்டு மெம்டெஸ்ட்86-க்குத்தான், யோசிக்கவே வேண்டாம்.

ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். நான்கு சுற்றில் ஒன்றுதானே என்று விடாதீர்கள். ஆனால் பிழை வந்த உடனே புது ரேம் வாங்கவும் ஓடாதீர்கள். கணினி எழும்போது முதலில் ஓடுகிற பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பு போட்டிருந்தால் ரேம் அதன் அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். 3200 என்று வேகத்தை அட்டையில் அச்சடித்த எத்தனையோ டிடிஆர்4 ரேம்கள், எக்ஸ்எம்பி இல்லாமல் 2133-இலோ 2666-இலோதான் தொடங்கும். எக்ஸ்எம்பியை எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பிழை மறைந்தால் ரேம் சாகவில்லை, அந்த வேகத்தைத்தான் தாங்கவில்லை. மறையாவிட்டால் ஒவ்வொரு ரேமாகத் தனியே, ஒரே ஸ்லாட்டில் மாட்டிச் சோதியுங்கள். அப்போதுதான் கெட்டது ரேமா ஸ்லாட்டா என்று பிரியும்.

எங்களுக்கு நான்கு சுற்றும் சுத்தமாக வந்தது.

சூட்டைச் சோதிப்பது இதைவிட எளிது. கோலாலம்பூரில் பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடும், அடுக்குமாடி அறையில் சாயங்காலத்திலும் அனல் இறங்காது. தூசியோடு ஈரப்பதமும் சேர்ந்து விசிறி இதழ்களில் களிம்புபோல ஒட்டிக்கொள்ளும். பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை உள்ளே பார்த்துத் திருப்பிவைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். அணைவது நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. பொதுவாகப் பிராசசர் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும். ஆகவே மந்தமே இல்லாமல் பட்டென்று அணைகிற கணினியில் எனக்குப் பிராசசர் சூட்டின்மேல் சந்தேகம் குறைவு. கோப்புகளைச் சேமிக்கிற எஸ்எஸ்டியின் உடல்நிலையைக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரல் ஒரே நிமிடத்தில் காட்டிவிடும்.

இன்னொன்று. உங்களிடம் இருப்பது இன்டெலின் 13 அல்லது 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசசர் என்றால், வேறு எதையும் தொடுமுன் பயாஸைப் புதுப்பியுங்கள். அவற்றில் பலவற்றுக்குத் தேவைக்கு அதிகமான வோல்டேஜ் போய்ப் பழுதாவதை இன்டெலே 2024-இல் ஒப்புக்கொண்டு, அந்த ஆகஸ்டிலிருந்து திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே பழுதான சில்லைத் திருத்தம் குணமாக்காது, மாற்றித்தான் வாங்க வேண்டும். ரேமையும் கிராபிக்ஸ் கார்டையும் வீணாக மாற்றி அலைந்தவர்கள் இதில் நிறையப் பேர்.

மாற்றிப் பார்ப்பது

மென்பொருளால் பிடிக்க முடியாத ஒரு பாகம் உண்டென்றால் அது பவர் சப்ளை. 12 வோல்ட் கம்பியில் 11.4-இலிருந்து 12.6 வரை இருக்கலாம் என்பது பொதுக் கணக்கு. அந்த எண்ணைத் திரையில் காட்டுகிற நிரல்கள் மதர்போர்டின் உணரி சொல்வதைத்தான் திருப்பிச் சொல்கின்றன, அது துல்லியமானதல்ல. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாலும் சராசரிதான் தெரியும். கிராபிக்ஸ் கார்டு ஒருசில மில்லி விநாடிக்கு எக்கச்சக்கமாக மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் குழியில் விழுந்து எழுவதை அது காட்டாது. பெட்டியில் 80 பிளஸ் முத்திரை இருக்கிறதே என்றால், அது மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான முத்திரை. ஐந்து ஆண்டு கழித்தும் உறுதியாக நிற்கும் என்பதற்கு அல்ல.

இந்த நேரத்தில்தான் நோட்டைப் புரட்டினோம். ஆறு பதிவுகள். ஐந்து இரவு ஏழிலிருந்து பத்துக்குள். அதில் மூன்றில் அக்கா மகன், "ஏர்கான் போட்டோம், விளக்கு மங்கியது" என்று எழுதியிருந்தான்.

ஏர்கானின் கம்ப்ரசர் எழும்போது வீட்டு வோல்டேஜ் ஒரு கணம் சரியும். நல்ல பவர் சப்ளை அதைச் சமாளிக்கும். உள்ளே வருகிற மின்சாரம் முழுதாக நின்றாலும் ஏறக்குறைய 16, 17 மில்லி விநாடிக்குக் கணினியைத் தாங்கிப் பிடிப்பதுபோல்தான் அதை வடிவமைக்கிறார்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓர் அலைக்கு 20 மில்லி விநாடி, ஆகவே அது ஓர் அலைக்கும் குறைவு. உள்ளே மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கிற மின்தேக்கிகள் வயதாகி வற்றிப்போனால் அந்தத் தாங்குநேரம் சுருங்கிவிடும். தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருக்கும், கணினி மட்டும் அணையும். அக்கா வீட்டில் நடந்தது அச்சாக இதுதான். கடைக்காரரின் மேசையில் ஏன் அணையவில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, ஊகம் போதாது. என் கணினியிலிருந்த பவர் சப்ளையைக் கழற்றிக்கொண்டுபோய் மாட்டினேன். அதே எக்ஸ்டென்ஷன், அதே ஏர்கான், அதே வேலை. ஒரே நேரத்தில் இரண்டு பாகத்தை மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. 12 நாள் ஒருமுறைகூட அணையவில்லை. பழையதை மறுபடி மாட்டினோம். இரண்டாம் இரவே போய்விட்டது. இந்தத் திருப்பி மாட்டுகிற படியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். அதைச் செய்யாமல் எனக்கு நிச்சயம் வராது.

மாற்றும்போது ஓர் எச்சரிக்கை. கழற்றி மாட்டுகிற வகைப் பவர் சப்ளையில், பழைய கேபிளை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். பவர் சப்ளைப் பக்கத்துப் பின் வரிசை ஒரு தயாரிப்புக்கும் இன்னொன்றுக்கும் மாறும். செருகி பொருந்திவிடும், ஆனால் தவறான வோல்டேஜ் போய் எஸ்எஸ்டி கருகிவிடும். கேபிளோடுதான் மாற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்குங்கள். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். மின்சாரம் துண்டித்த பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கிற அளவுக்கு மின்னூட்டம் தங்கியிருக்கும்.

இந்த வழியின் குறை வெளிப்படையானது. மாற்றிப் பார்க்க இன்னொரு பாகம் வேண்டும். பவர் சப்ளையை நண்பரிடம் ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கலாம். மதர்போர்டை யார் தருவார்? சந்தேகம் மதர்போர்டில் வந்து நின்றால் மறுபடி கடைதான் கதி. ஆனால் இந்த முறை கையில் நோட்டும், ரேம் சோதித்த விவரமும் இருக்கும். "பாருங்கள்" என்று கொடுப்பதற்கும், "இவற்றையெல்லாம் பார்த்தாயிற்று, இது மட்டும்தான் பாக்கி" என்று கொடுப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

யூபிஎஸ்ஸா, புதுப் பவர் சப்ளையா?

மின்சாரம் சரிந்தால் பேட்டரியில் தாங்குகிற யூபிஎஸ் ஒன்று வாங்கிவிட்டால் போதாதா என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. யூபிஎஸ் வைத்தால் வோல்டேஜ் சரிவு கணினியை எட்டாது, அணைவதும் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் வற்றிப்போன பவர் சப்ளை உள்ளேயே இருக்கும். அது ஒருநாள் முழுதாகச் சாகும்போது கூடவே வேறு எதையும் இழுத்துக்கொண்டுபோகலாம். அதனால் பவர் சப்ளை முதலில், யூபிஎஸ் பிறகு. இடி அடிக்கடி விழுகிற இந்த ஊரில் யூபிஎஸ்ஸும் வேண்டியதுதான், ஆனால் அது வெளியிலிருந்து வருகிற கோளாறுக்கான காவல். வாங்கும்போது வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தானே சரிசெய்கிற லைன் இன்டராக்டிவ் வகையாகக் கேளுங்கள். மேகம் கறுத்தால் பிளக்கோடு இணையக் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள், மின்னல் அந்த வழியாகவும் நுழையும்.

சனிக்கிழமை செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறி, ஹங் துவாவில் மோனோரயிலுக்கு மாறி, இம்பியில் இறங்கி, கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்கு நடந்தோம். நான்கு கடையில் விலை கேட்டு, ஐந்து ஆண்டு உத்தரவாதத்துடன் 650 வாட் பவர் சப்ளை ஒன்று, 300 வெள்ளிக்குச் சற்றுக் குறைவாக. அக்கா மகனே மாட்டினான், நான் டார்ச் பிடித்தேன். இன்றோடு ஏழு வாரம். நோட்டில் புதிதாக எதுவும் எழுதவில்லை.