வெல்டிங் பழக்க வி.ஆர் சிமுலேட்டரா, கூடுதல் பூத்தா?

திருச்சி பக்கம், பெல் ஆலையையும் துவாக்குடி ஃபேப்ரிகேஷன் யூனிட்களையும் நம்பி வெல்டிங் சொல்லிக்கொடுக்கும் மையங்கள் நிறைய. இடமும் பணமும் கொஞ்சம் சேர்ந்தால் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வெல்டிங் பழகும் வி.ஆர் சிமுலேட்டர் வாங்கலாமா, அதே பணத்துக்கு நிஜ வெல்டிங் பழகும் தடுப்பறைகளான பூத்களைச் சில கூட்டலாமா என்ற பேச்சு வந்துவிடுகிறது. எங்கள் மையம் சிமுலேட்டர் பக்கம் போனது. இன்று யாராவது கேட்டாலும் அதையே சொல்வேன்.

புகை இல்லை, கண்ணில் ஆர்க் வெளிச்சம் அடிக்காது, த்ரீ ஃபேஸ் இணைப்பு வேண்டாம் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்ததே. எனக்கு முடிவைத் தீர்மானித்தது டெஸ்ட் பீஸ், அதாவது வெல்ட் போட்டுப் பழகும் இரும்புத் துண்டுதான்.

சாய்வாக நிற்கும் பைப்பைச் சுற்றி வெல்ட் போடும் 6ஜி நிலையைப் பழக ஒரு ஜாயின்ட் போடவேண்டுமென்றால் பைப் வாங்கி, வெட்டி, இரண்டு துண்டுக்கும் முனையில் 37.5 டிகிரி சரிவு கொடுத்து, கேப் விட்டு, அங்கங்கே சின்ன வெல்டாக டேக் அடித்து, 45 டிகிரி சாய்வில் கட்டவேண்டும். 7018 ரக வெல்டிங் ராடை ஓவனில் காயவைக்க வேண்டும். மாணவன் முதல் அடுக்கான ரூட் பாஸிலேயே ஓட்டை போட்டால் கிரைண்டர் வைத்துத் தோண்டலாம், திரும்பச் சரிவு கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் பைப் குட்டையாகி, கடைசியில் ஸ்கிராப்புக்குப் போகும். அதனால் எந்த மையமும் பீஸை எண்ணித்தான் கொடுக்கும். எண்ணிக் கொடுக்கும்போது அடி வாங்குவது மெதுவாகக் கற்கிற பையன். கை வேகமாகப் பழகுகிறவனுக்கு நாலு பீஸ் போதும். யாருக்கு நாற்பது தேவையோ, அவனுக்கும் அதே நாலுதான் கிடைக்கும். "இவனுக்கு வெல்டிங் வராது" என்று நாம் முத்திரை குத்துகிற பலர் உண்மையில் போதுமான பீஸ் கிடைக்காதவர்கள். சிமுலேட்டரில் நாற்பதாவது முயற்சிக்கும் முதல் முயற்சிக்கும் செலவு ஒன்றுதான். நான் அதன் பக்கம் நிற்பது இதற்காகவே.

அப்புறம், ஷீல்டு போட்டு குனிந்திருப்பவனின் ஆர்க் நீளத்தை, அதாவது ராடு முனைக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளியை, வெளியிலிருந்து சரியாகப் பார்க்க முடியாது. வெல்ட் கோடான பீட் முடிந்தபின் "வேகமாப் போயிட்டே" என்றுதான் சொல்லமுடியும். சிமுலேட்டர் கோணம், வேகம், ஆர்க் நீளம் மூன்றையும் போகும்போதே காட்டுகிறது; எந்த இடத்தில் கை தடுமாறியது என்று திரையில் அவனே பார்த்துக்கொள்கிறான்.

பூத்துக்கும் நியாயம் உண்டு. சூடு, பொறி, கேபிளின் கனம், வெல்ட் மேல் படியும் ஸ்லாக் கசடைத் தட்டுவது எதுவும் ஹெட்செட்டுக்குள் வராது. தலைக்கு மேலே 4ஜி போடும்போது கழுத்தில் பொறி விழுந்தாலும் கை அசையாமல் இருக்கப் பழக்குவது பூத் மட்டும்தான். 2011இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், பாதி நேரம் சிமுலேட்டர், பாதி நேரம் நிஜ வெல்டிங் என்று பழகியவர்கள், முழுக்கப் பழைய முறையில் பழகியவர்களைவிடக் கூடுதலாகத் தேர்ச்சி பெற்றார்கள். நாங்களும் கலந்துதான் நடத்துகிறோம்.

பராமரிப்பில் எனக்கு அனுபவம் போதாது. வியர்வையில் ஹெட்செட் உறை சீக்கிரம் நைந்துபோகிறது. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர நேரமெடுக்கிறது. வெல்டிங் மெஷின் கெட்டால் தெருமுனையில் ஆள் இருக்கிறார். டங்ஸ்டன் முனையும் வாயுவும் வைத்துச் செய்யும் டிக் வெல்டிங்குக்கு இது எவ்வளவு உதவும் என்றும் என்னால் உறுதியாகச் சொல்லமுடியாது, நாங்கள் பெரும்பாலும் ராடு வெல்டிங்தான் நடத்துகிறோம்.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்காரமுடியும். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களை டெஸ்டுக்குத் தயார்செய்யும் மையமென்றால் பூத்தையே கூட்டுங்கள். புதுப் பையன்கள் வருகிற இடமென்றால் சிமுலேட்டர் வாங்குங்கள். மிச்சமாகும் பைப்பை மெதுவாகக் கற்பவர்களுக்குக் கொடுங்கள்.