ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஆடிட்டோரியம் வாடகைக்கு: அமெரிக்காவில் நிகழ்ச்சி நடத்துவோருக்கு ஒரு மதிப்பீடு

அரங்கேற்றமோ தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவோ, அமெரிக்காவில் அது பெரும்பாலும் ஏதாவது ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) அரங்கில்தான் நடக்கிறது. தனியார் தியேட்டரைவிட வாடகை குறைவு, பார்க்கிங் தாராளம், நல்ல மேடை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒரே அளவு கட்டடம், ஏறக்குறைய ஒரே வாடகை உள்ள இரண்டு டிஸ்ட்ரிக்ட்டுகளில் ஒன்றில் நிகழ்ச்சி நிம்மதியாக நடக்கும். இன்னொன்றில் மைக் இரையும், மேடையின் இடது பக்கம் இருட்டாகவே இருக்கும். அரங்கை யார், எந்தப் பணத்தில் நடத்துகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

இந்த அரங்குகள் பெரும்பாலும் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த பாண்ட் (கடன் பத்திரம்) பணத்தில் எழும்பியவை. அந்தப் பணத்தைக் கட்டடத்துக்கும் சாதனங்களுக்கும் செலவிடலாம். ஆள் சம்பளத்துக்கும் அன்றாடப் பராமரிப்புக்கும் பொதுவாகத் தொட முடியாது. திறப்பு விழா முடிந்த மறுநாளிலிருந்து அரங்கு வேறு வருமானத்தில்தான் ஓட வேண்டும். வாடகைப் பணம் அரங்கின் தனிக் கணக்கில் சேர்கிறதா, டிஸ்ட்ரிக்ட்டின் பொது நிதியில் கரைகிறதா என்று தயங்காமல் கேளுங்கள். பொது நிதிக்குப் போகும் இடத்தில், பல்பு போனால்கூட மாற்ற ஆறு மாதம் ஆகும். எலிப்சாய்டல் என்ற பழைய மேடை விளக்குகளில் போடும் 575 வாட் ஹெச்பிஎல் வகை பல்பின் ஆயுள் சுமார் 300 மணி நேரம். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் எரிந்தால் ஐந்து மாதம்கூடத் தாங்காது. தனிக் கணக்கில் சேமித்த டிஸ்ட்ரிக்ட்டுகள் எல்இடிக்கு மாறி, மின்சாரத்தையும் குளிரூட்டும் செலவையும் சேர்த்தே குறைத்துக்கொண்டிருக்கின்றன.

கட்டணப் பட்டியலைப் பார்த்தாலே நிர்வாகம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். பள்ளி சார்ந்த குழு, லாப நோக்கற்ற அமைப்பு, வணிக நிறுவனம் என மூன்று நான்கு வகைகள் இருக்கும். லாப நோக்கற்ற அமைப்பு என்று வரித்துறை தரும் 501(சி)(3) கடிதத்தை விண்ணப்பத்தோடே இணைத்துவிடுங்கள். பிற்பாடு கொடுத்து வகையை மாற்றச் சொன்னால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். கலிபோர்னியாவில், பள்ளி இடங்களை வெளியார் பயன்படுத்துவது பற்றிய சிவிக் சென்டர் சட்டம் இதை வரையறுத்திருக்கிறது: டிஸ்ட்ரிக்ட் நேரடிச் செலவை மட்டும் வாங்கலாமா, முழு வாடகை மதிப்பை வாங்க வேண்டுமா என்பது நிகழ்ச்சியின் தன்மையைப் பொறுத்தது. டிக்கெட் விற்று, அந்தப் பணம் மாணவர் நலனுக்கோ அறப்பணிக்கோ போகவில்லை என்றால் முழு வாடகை மதிப்புதான்.

மணிக்கணக்கு வாடகையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். கணக்குக்காக மணிக்கு 125 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேர அரங்கேற்றத்துக்கு 375 டாலர் என்று போட்டால் தப்பு. காலை பத்துக்குப் பக்கவாத்தியம் இறக்கி, மதியம் ஒலிச் சோதனை முடித்து, நான்கு மணிக்குத் தொடங்கி ஏழுக்கு முடித்து, எட்டுக்குக் காலி செய்தால் பத்து மணி நேரம்: 1,250 டாலர். லைட், சவுண்ட் ஆட்கள் இருவருக்கும் தலா மணிக்கு 40, ஞாயிறு ஓவர்டைமில் வரும் கஸ்டோடியனுக்கு (கட்டடப் பராமரிப்பாளர்) 60 என்றால் இன்னொரு 1,400. சாப்பாட்டுக்குக் கஃபெட்டீரியா தனி வாடகை. அதன் சமையலறையைத் தொட வேண்டுமானால் டிஸ்ட்ரிக்ட்டின் சமையல் பணியாளர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. ஆள் கட்டணத்துக்கு நான்கு மணி நேரக் குறைந்தபட்சம் உண்டா என்பதையும் பாருங்கள்.

இப்படி வரிவரியாகப் பிரித்துப் போடும் டிஸ்ட்ரிக்ட்டையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். ஆள் கட்டணம் இல்லாமல் ஒரே தொகை சொல்லும் இடத்தில், மேடைக்குப் பின்னால் பெரும்பாலும் மேற்பார்வை இல்லாத மாணவர்கள்தான் இருப்பார்கள். மாணவர்கள் வேலை செய்வது நல்ல விஷயம். அவர்களுக்கு அது கல்வி. ஆனால் எதிரெடை வைத்துத் திரைகளை ஏற்றி இறக்கும் அமைப்பைப் பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவரே இயக்க வேண்டும். பின்திரையைக் கட்டும்போது முதலில் திரை தொங்கும் குழாயில் துணி, பிறகு மேலே எடைக்கட்டிகள். கழற்றும்போது முதலில் எடை, பிறகு துணி. வரிசை மாறித் துணியை முதலில் அவிழ்த்தால், எடைப் பக்கம் கனத்துக் கீழே பாயும், குழாய் மேலே பறக்கும். உயிரே போகலாம்.

நடனத்துக்கு எடுப்பவர்கள் மேடைத் தரையைக் கையால் தடவிப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். பெரும்பாலான பள்ளி மேடைகளில் மேல்பரப்பு கறுப்புப் பெயின்ட் அடித்த ஹார்ட்போர்டு பலகை. நாடக செட்களுக்காக மாணவர்கள் அடித்த திருகாணிகளின் ஓட்டைகள், முனை நீட்டிய ஸ்டேபிள்கள், பெயர்ந்த விளிம்புகள் எல்லாம் அதில் இருக்கும். வெறுங்காலோடு தட்டி ஆடும் பரதத்துக்கு இது ஆபத்து. பலகைக்கு அடியில் மரச்சட்டம் இருக்கிறதா, நேராக கான்கிரீட்டா என்றும் கேளுங்கள். கான்கிரீட் மேல் இரண்டு மணி நேர மார்க்கம் (முழு பரத நிகழ்ச்சி) முழங்காலைப் பதம் பார்க்கும். வினைல் நடன விரிப்பு வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். மேடையில் மாவுக்கோலம் வேண்டாம்: அரிசி மாவு பரவினால் தரை வழுக்கும். காலில் பூசிய ஈரமான அல்தா சாயம் பட்ட இடம் சிவந்துபோனால் துப்புரவுக் கட்டணம் முன்பணத்திலிருந்து போகும்.

ஒலியைப் பொறுத்தவரை பள்ளி அரங்குகள் பேச்சுக்கும் இசை நாடகத்துக்கும் அமைக்கப்பட்டவை. சலங்கைக்கு மேடை முன்விளிம்பில் இரண்டு மூன்று தரை மைக் வேண்டும், நட்டுவாங்கத்துக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு, பாடகருக்குத் தன் குரல் கேட்கத் தனி மானிட்டர் ஸ்பீக்கர். இந்தப் பட்டியலை இரண்டு வாரம் முன்பே எழுதிக் கொடுங்கள். வயர்லெஸ் மைக் எந்த அலைவரிசை என்றும் விசாரியுங்கள். 617–652, 663–698 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் வயர்லெஸ் மைக் இயக்குவது 2020 ஜூலை 13 முதல் அமெரிக்காவில் சட்டவிரோதம். செல்போன் நிறுவனங்கள் அங்கே வந்துவிட்டதால் இரைச்சலும் வரும். மாற்றப் பணம் ஒதுக்காத பள்ளிகளில் அந்தப் பழைய மைக்குகள் இன்னும் அலமாரியில் இருக்கக்கூடும்.

குத்துவிளக்கு பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். மக்கள் கூடும் அரங்கில் திறந்த தீபத்துக்குத் தீயணைப்பு அதிகாரியின் அனுமதி தேவைப்படும். பல டிஸ்ட்ரிக்ட்டுகள் ஒரேயடியாக மறுத்துவிடும். விளக்கைப் பூவோடு வைத்து பேட்டரித் திரி போடுவது நடைமுறை. கற்பூரமும் புகை இயந்திரமும் அலாரத்தைக் கிளப்பும், அரங்கம் முழுதும் காலியாகும், தீயணைப்பு வண்டிக்கான செலவு உங்கள் தலையில். துணி அலங்காரங்களுக்கு என்எஃப்பிஏ 701 என்ற தீத்தடுப்புச் சான்று கேட்பார்கள்.

டிஸ்ட்ரிக்ட் கேட்கும் விபத்துப் பொறுப்புக் காப்பீடு பெரும்பாலும் ஒரு சம்பவத்துக்குப் பத்து லட்சம் டாலர், மொத்தம் இருபது லட்சம். டிஸ்ட்ரிக்ட்டின் பெயர் கூடுதல் காப்பீடு பெறுபவராக அதில் இருக்க வேண்டும். ஒரு நாள் பாலிசி வாங்க முடியும்.

பக்தி நிகழ்ச்சி என்பதற்காக மறுத்தால் பணிந்து போக வேண்டியதில்லை. வெளியாருக்குத் திறந்துவிட்ட பள்ளி இடத்தில் மத நோக்கைக் காரணம் காட்டி ஒரு குழுவை விலக்கக் கூடாது என்று 2001இல் குட் நியூஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதே சமயம், ஆண்டு முழுக்க எங்கள் நடனப் பள்ளிக்கே தாருங்கள் என்றால் டிஸ்ட்ரிக்ட் தயங்குவதில் நியாயம் உண்டு: வரிவிலக்கு பாண்டில் கட்டிய கட்டடத்தில் தனியார் பயன்பாட்டுக்குப் பத்து சதவீத வரம்பு இருக்கிறது.

தேதியில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். பள்ளி நிகழ்ச்சிக்கே முன்னுரிமை. ஒப்பந்தத்தில் உங்களை நகர்த்தும் உரிமை இருக்கும். எத்தனை நாள் முன்னறிவிப்பு, முழுப் பணமும் திரும்புமா, பனியால் பள்ளி மூடினால் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். வசந்த காலத்தில் இசை நாடகத்தின் செட் வாரக்கணக்கில் மேடையிலேயே நிற்கும். அதை நகர்த்த மாட்டார்கள். மேடை ஆழத்தில் பாதி போய்விடும். மார்ச், ஏப்ரலில் எடுப்பதானால் அந்த வாரம் செட் எங்கே நிற்கும் என்று அளவோடு கேளுங்கள்.

நானூறு பேருக்கு மேல் வரும் நிகழ்ச்சிக்கு, முழுநேர மேலாளர் உள்ள டிஸ்ட்ரிக்ட் அரங்கு கொடுத்த காசுக்குத் தகும். இருநூறு பேர் என்றால் அதே பள்ளியின் சிறிய பிளாக் பாக்ஸ் தியேட்டரையோ (கறுப்புச் சுவர் கொண்ட எளிய நாடக அறை) மேடையுள்ள கஃபெட்டீரியாவையோ கேளுங்கள். கஸ்டோடியன் ஒருவரோடு வேலை முடியும்.