விக்ராந்தின் உலோகம் கலந்த வண்டி: பஜாஜ் வி15 பற்றி ஒரு மதிப்புரை

2016ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த பஜாஜ் வி15 மோட்டார் சைக்கிள் இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய வண்டி விற்பவர்களிடம்தான் தேட வேண்டும். அப்படித் தேடி வாங்கிய ஒன்றை மூன்று ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். 149.5 சிசி எஞ்சினும் ஐந்து கியர்களும் கொண்ட இந்த வண்டி குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவையைத் தருவதால், நெரிசலில் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. பின்னிருக்கையின் மேல்மூடியைக் கழற்றினால் இருவர் போகலாம். சீறிப் பாய நினைப்பவர்களுக்கு இது ஏற்றதன்று. தினமும் அலுவலகம் சென்று திரும்புபவர்களுக்கு மனநிறைவைத் தரும்.

ஆனால் நான் இதைத் தேடி வாங்கியது எஞ்சினுக்காக அன்று. இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்த் உடைக்கப்பட்டபோது, அதன் உலோகத்தில் ஒரு பகுதியை இந்நிறுவனம் வாங்கி உருக்கி இந்த வண்டியில் சேர்த்தது. அதனால், கப்பல் ஏன் கப்பலாகவே நிலைக்கவில்லை என்ற கேள்வியை விட்டுவிட்டு இந்த வண்டியை மதிப்பிட என்னால் இயலவில்லை.

பிரிட்டனில் ஹெர்குலிஸ் என்ற பெயரில் 1945இல் நீரில் இறக்கப்பட்டு, முடிக்கப்படாமல் கிடந்து, 1957இல் இந்தியாவால் வாங்கப்பட்டு, 1961இல் கடற்படையில் சேர்ந்த கப்பல் அது. 1971 போரின்போது அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல் கண்டு வேகம் குறைந்திருந்தது. அந்த நிலையிலும் அதன் தளத்திலிருந்து எழுந்த சீ ஹாக், அலிஸே விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கின. அதை வேட்டையாட வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பலான காசி, சென்னைக் கடற்பரப்பிலும் பின்னர் விசாகப்பட்டினத்திலும் தேடியலைந்தபோது, விக்ராந்த் அந்தமான் பக்கம் பத்திரமாக இருந்தது. விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது காசிதான்.

1997இல் ஓய்வு பெற்ற கப்பலை மும்பைக் கடற்படைத் தளத்திலேயே நிறுத்தி, 2001 முதல் குறிப்பிட்ட நாட்களில் மக்கள் பார்க்க அனுமதித்தார்கள். மும்பைத் துறைமுகத்திலுள்ள ஓய்ஸ்டர் ராக் என்ற சிறு தீவின் அருகே நிரந்தரக் காட்சியகமாக அமைக்க மகாராஷ்டிர அரசு திட்டமிட்டது. ஆனால் பணம் திரளவில்லை. 2012இல் பாதுகாப்பு இல்லை என்று சொல்லிப் பார்வையாளர்களை நிறுத்தினார்கள். அடிப்பகுதி அரித்துவிட்டது, நெருக்கடியான தளத்தில் இயங்கும் போர்க்கப்பல்களுக்கே இடம் போதவில்லை என்பது அதிகாரிகளின் வாதம். அதில் நியாயம் இல்லையென்று சொல்ல மாட்டேன். 213 மீட்டர் நீளமுள்ள கப்பல் சும்மா நின்றாலும் அத்தனை நீளத்துக்கு இடம் போய்விடும். காக்க முனைந்தவர்கள் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். 2014 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றமும், இடையில் சிறிது காலம் தடை விதித்திருந்த உச்ச நீதிமன்றம் ஆகஸ்டிலும் வழக்கை ஏற்க மறுத்தன. சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போன கப்பலை அந்த நவம்பரில் மும்பையின் கப்பல் உடைக்கும் இடமான தாருகானாவில் உடைக்கத் தொடங்கினார்கள்.

நீதிமன்றத்துக்கு வழக்கு வந்த நேரத்தில் காலம் கடந்துவிட்டிருந்தது என்றே நான் கருதுகிறேன். கப்பலுக்கு முதலில் வேண்டியது நிற்பதற்கு ஓரிடம். நிதியும் பழுதுபார்ப்பும் அதன் பிறகுதான். 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்ற குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலை விசாகப்பட்டினத்தார் கடற்கரைக்கே இழுத்து வந்து, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். அது சிறிய கப்பல், செலவும் குறைவு என்பது உண்மைதான். என்றாலும், கடற்படைத் தளத்துக்கு வெளியே அதற்கென ஓரிடத்தைத் தாமதமின்றி ஒதுக்கியதுதான் அதைக் காத்தது. விக்ராந்துக்குப் பதினைந்து ஆண்டுகளில் அப்படி ஓர் இடம் அமையவில்லை. அதன் பின் ஓய்வு பெற்ற மற்றொரு விமானந்தாங்கிக் கப்பலான விராட்டும், குஜராத்தில் கப்பல்களை உடைக்கும் இடமான அலங்கில் உடைக்கப்பட்டது.

உலோகம் முழுவதும் பழைய இரும்போடு இரும்பாகக் கலந்து காணாமல் போகாமல், சிறிதளவேனும் பெயரோடு தப்பியதற்காக வண்டி நிறுவனத்துக்கு மனமார நன்றி சொல்கிறேன். ஆயினும் விளம்பரம் தரும் பெருமிதத்தைக் கப்பலைக் காத்ததாக எண்ணிவிட முடியாது. விமானங்கள் எழுந்த தளத்தில் ஒரு குழந்தை நடந்து பார்ப்பதும், உருக்கிய உலோகத்தைத் தொட்டுப் பார்ப்பதும் ஒன்றல்ல.

வண்டி என்ற அளவில் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். பழையதாக வாங்குபவர்கள் பின்னிருக்கை மூடியும் பெட்ரோல் டேங்கின் சின்னமும் அசலாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். உதிரியாகத் தேடிப் பிடிப்பது கடினம்.