வெள்ளத்தைக் கண்முன் காட்ட: கைபேசிப் பெட்டியா, தனி ஹெட்செட்டா?

"இந்தத் தெருவில் ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கும்" என்பதை வரைபடத்தின் நீல நிறம் உணர்த்தாது. மெய்நிகர் (விஆர்) காட்சி உணர்த்தும். அதற்கு மூன்று வழிகள் உண்டு: கைபேசியில் 360 டிகிரி வீடியோ, கைபேசியிலேயே ஓடும் முப்பரிமாணக் காட்சி, கைபேசி வகைச் சிப்பில் இயங்கும், தலையில் மாட்டும் தனி ஹெட்செட்.

வீடியோ மலிவு, சீக்கிரம் தயாராகும். ஆனால் 4கே என்ற பெயரில் மயங்க வேண்டாம். 3,840 பிக்சல் முழு வட்டத்துக்கும் பங்காகிறது. ஒரே பார்வையில் தெரியும் 90 டிகிரிக்குக் கிடைப்பது 960 மட்டுமே. தூரத்தில் மிதந்து வரும் மரக்கட்டை வெறும் கறுப்புக் கறை. நடந்து முடிந்த சேதத்தைக் காட்ட இது போதும். "இன்னும் அரை மீட்டர் ஏறினால்?" என்று கேட்டால் வீடியோவிடம் பதில் இல்லை.

கைபேசியில் ஓடும் முப்பரிமாணக் காட்சியில் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கலாம். கூகுள் 2014-இல் அறிமுகப்படுத்திய, கைபேசியைச் செருகிப் பார்க்கும் அட்டைப் பெட்டியான கார்ட்போர்டின் விற்பனை 2021-இல் நின்றுவிட்டாலும், அதன் மென்பொருள் 2019-லேயே யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலமாகிவிட்டதால் இன்றும் செயலி கட்டலாம். தொல்லைகள் வேறு இடத்தில். திரும்புதலை அளக்கும் உணரியான ஜைரோஸ்கோப் இல்லாத கைபேசியில் தலையைத் திருப்பினால் காட்சி தடுமாறும். மூடிய பெட்டிக்குள் சிப் சூடேறி, சில நிமிடங்களில் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படம்) தவறும், குமட்டல் தொடங்கும். ஐபோன் உலாவியில் திறப்பதானால் அசைவு உணரிக்குப் பயனர் தொட்டு அனுமதி தர வேண்டும். அந்தப் பொத்தானை வைக்க மறந்தால் காட்சி அசையவே அசையாது.

பெரிய குறை இதுதான்: இது திரும்புதலை அறியும், நகர்வை அறியாது. தண்ணீரைப் பார்க்கக் குனிந்தால் தண்ணீரும் கூடவே கீழே இறங்கும். ஆழம் உடம்பில் உறைக்காது.

அங்கேதான் தனி ஹெட்செட் முந்துகிறது. கேமராக்கள் தரையிலிருந்து தலையின் உயரத்தை அளப்பதால், ஒரு மீட்டர் நீர் நெட்டையானவருக்குத் தொடைக்கு மேலும், சிறுவனுக்கு மார்பளவும் வரும். வெள்ளத்துக்கு இதைவிடச் சிறந்த வாதம் கிடையாது. ஆனால் தரைமட்டத்தை 20 செ.மீ. தவறாகக் குறித்தால் ஆழமும் 20 செ.மீ. பொய். ஒவ்வொருவர் மாட்டும் முன்பும் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துப் பாருங்கள். காட்சியில் அது தரையில் கிடக்க வேண்டும், மிதக்கவோ புதையவோ கூடாது.

திரை வினாடிக்கு 72 படம் காட்டும் 72 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 13.9 மில்லிவினாடி. இதில் ஒளி ஊடுருவும் நீரை வரைவது தற்கொலை: அடுக்கடுக்கான ஒளிபுகு பரப்புகளுக்கு ஒரே பிக்சலைத் திரும்பத் திரும்பத் தீட்ட வேண்டியிருக்கும். கலங்கிய பழுப்பு நிறத்தில் ஒளிபுகாத ஒற்றைப் பரப்பு போதும். வெள்ளநீர் நிஜத்திலும் அப்படித்தானே இருக்கிறது! புகை, தூசிக்கும் இதே எச்சரிக்கை.

இரண்டு முப்பரிமாண வழிகளையும் கவிழ்ப்பது தரவு. 30 மீட்டர் கட்டத்தில் எடுத்த செயற்கைக்கோள் உயரத் தரவில் ஒரு தெருவே ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். கூரையும் மரமும்கூடத் தரையாகக் கணக்காகலாம். தெரு அளவில் ஒரு மீட்டர் கட்டத்தில், லேசரால் அளந்த லைடார் தரவு வேண்டும். அடுத்து, நில ஆயத்தொலைவுகளை (வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் எண்களை) அப்படியே ஏற்றாதீர்கள். 12 லட்சம் மீட்டர் என்ற எண்ணை கணினி தசம எண்ணைச் சேமிக்கும் 32 பிட் மிதவை எண் வடிவம் 12.5 செ.மீ. படிகளாகத்தான் வைத்திருக்கும், சுவர்கள் நடுங்கும். தளத்தின் ஒரு மூலையை பூஜ்ஜியமாக்கிக் கழித்துவிடுங்கள்.

வெள்ளத்துக்குப் பதில் நிலநடுக்கத்தைக் காட்டுவதானால் கணக்கே வேறு. காட்சி முழுவதையும் உலுக்கினால், உடம்பு அசையாமல் கண் மட்டும் அசைந்து வாந்தி வரும். தரையை நிறுத்திவைத்து, விளக்கும் அலமாரியும் ஆடட்டும். கட்டடம் சரிந்து விழுவதை முன்கூட்டியே கணித்து அசைவுப் பதிவாக ஏற்றுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதற்குக் கைபேசியே தாராளம். 40 பேர் உள்ள வகுப்புக்கும் அதுவே. வெள்ளக் கரையை எவ்வளவு உயர்த்துவது என்று முடிவெடுக்கும் குழுவுக்கு ஹெட்செட் இல்லாமல் வேண்டாம்.

காட்டும் நாளில் காட்சிக்குள் ஒரு மீட்டர் கோலை நட்டுவையுங்கள். அதே நீளக் கோல் பார்ப்பவர் கையிலும் இருக்கட்டும்.