மண்வெட்டிக்குப் புதுப் பிடி: சமண்டலையா, கொய்யாவா, இரும்புப் பைப்பா?

மண்வெட்டியின் தகடு தேய்ந்து முடிய வருஷக்கணக்காகும். பிடி அவ்வளவு காலம் தாங்காது. மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் ஒரு மாரி முழுக்க வரம்பு கட்டி, வாய்க்கால் வெட்டி எடுத்த மண்வெட்டியைப் பாருங்கள், பிடி நுழைகிற இரும்புக் கண்ணின் அடியில் ஒரு மயிர் வெடிப்பாவது இருக்கும், இல்லாவிட்டால் தகடு ஆடும். களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ஹாட்வெயார் கடைக்குப் போனால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "முறியாத பிடி இருக்கா?" முறியாதது வேண்டுமென்றால் இரும்பு இருக்கிறது, வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் ஒரு நாளைக்குப் பல நூறு தரம் ஓங்கி வெட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்த அடியின் அதிர்வைப் பிடி தான் வாங்கிக்கொள்கிறதா, கைக்கு அனுப்புகிறதா என்பதை.

இரும்புப் பைப்பை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பழைய ஜி.ஐ. பைப்புத் துண்டை வெல்டிங் கடையில் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் பிடி தயார். கறையான் அரிக்காது, மழையில் உக்காது. சரி, எடை? ஒரு இஞ்சிப் பைப் மீற்றருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வரும். நாலடிக்கு வெட்டினால் இரண்டரை கிலோ. அதே நீளத்தில் நல்ல மரப்பிடி ஒரு கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். வெட்டுகிற வேலையைச் செய்வது தகட்டின் பாரம், பிடியின் பாரம் வெறும் சுமைதான். உன்னிச்சைப் பக்கத்துக் கிறவல் தரையில் தகடு ஒரு கல்லில் பட்டால் அந்த அடி முழங்கை வரைக்கும் ஏறும். சித்திரை வெயிலில் வரம்பில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து வந்தால் தொடவும் முடியாது. சேறு பட்டால் வழுக்கும். வெல்டிங் வைத்த இடத்தில் விட்டுப்போனால் தகட்டின் கண்ணையும் சேர்த்தே கெடுக்கும், அதுதான் பெரிய நட்டம். லொறியில் மணல் ஏற்றவும் சீமெந்து குழைக்கவும் பைப்புப் பிடி போதும். ஓங்கி வெட்டுகிற வேலைக்கு வேண்டாம்.

சமண்டலைக்கு வருவோம். சாவண்டலை என்றும் சொல்வார்கள், சிங்களத்தில் ஹல்மில்ல. ஒரு காலத்தில் வெளிநாட்டு வியாபாரத்தில் 'திருகோணமலை மரம்' என்று பெயர் வாங்கியது இதுதான். படகுக்கும் வண்டிக்கும் பீப்பாய்க்கும் ஆயுதப் பிடிக்கும் இதைத் தேடினார்கள். காரணம் வெறும் உறுதி என்றால் பாலை இதைவிட உறுதி, முதிரை இதைவிடப் பாரம். சமண்டலை வளைந்து கொடுக்கும், வளைந்த பிறகு பழையபடி நிமிரும். நார் நீளமாக, நேராக ஓடும். முறிகிற நேரம் வந்தாலும் படக்கென்று போகாமல், நார் நாராகக் கிழிந்து முன்கூட்டியே சத்தம் காட்டும்.

மரக்காலையில் வாங்கும்போது பெயரை நம்பாமல் நாரைப் பாருங்கள். பிடியைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, நார்க்கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுகிறதா என்று பாருங்கள். பாதியில் சரிந்து பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் முறியும், சமண்டலையாக இருந்தாலும் முறியும். வெட்டுமுகத்தில் நடு நெஞ்சு தெரிந்தாலும் எடுக்காதீர்கள், காயக் காய அது வெடிக்கும். பிடிக்கு ஒரு தடிதானே என்று ஒதுக்கக் காட்டுக்குள் இறங்குவது வேறு கதை. 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மரக்காலைக் கழிவில் பிடிக்கு வேண்டிய அளவு கிடைக்கும், ஓடாவிமாரிடம் சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள்.

பாலையும் முதிரையும் எனக்குச் சரிவரவில்லை. கல்லுப் போல இருக்கும், பாரமும் கூட, அடியும் கைக்கு வரும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தரும், சீவுகிறவர் கவனம்.

கொய்யாதான் ஏழையின் சமண்டலை. வளவில் நிற்கிற மரம், காசில்லை. இறுக்கமான நார், வழவழவென்று சீவ வரும். கஷ்டம் இரண்டு. நேரான கொப்புக் கிடைப்பது அரிது, பிறகு பச்சையாகப் போட்டால் உளுத்துப்போகும். வெட்டிய கொப்பைச் சில கிழமை தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்து, பிறகு நிழலில் காய வைப்பது ஊர் வழக்கம். அதில் விஷயம் இருக்கிறது, உளுப்பூச்சி தேடுகிற மாச்சத்து தண்ணீருக்குள் கிடக்கக் கிடக்கக் குறையும். எழுவான்கரை மணல் தரையில் தோட்டம் செய்கிறவருக்குக் கொய்யா தாராளமாகப் போதும். அங்கே மண் எதிர்ப்பதே இல்லை.

கடையில் சிவப்புப் பெயின்ட் அடித்துக் கட்டுக்கட்டாக நிற்கும் பிடிகள்? என்ன மரம் என்று விற்கிறவருக்கே தெரியாது. பெயின்ட் நாரை மறைக்கிறது, அதனால் பார்த்து வாங்கவும் வழியில்லை. வார்னிஷ் அடித்ததும் அப்படித்தான், வியர்வைக் கையில் ஒட்டிப் பிடித்துக் கொப்புளம் போடும். வேறு வழியில்லாமல் வாங்கினால், உடைந்த கண்ணாடித் துண்டால் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

பைபர் பிடி மோசமில்லை. பாரம் குறைவு, அதிர்வையும் ஓரளவு வாங்கும், மழைக்கும் கறையானுக்கும் கவலையில்லை. வெயில்தான் அதற்குப் பகை. வாடியின் கூரையில் செருகி வைத்து வருஷக்கணக்கில் வெயில் பட்டால் மேல்பூச்சுப் போய்க் கண்ணாடி நார் வெளியே நீட்டும், அது கையில் ஏறினால் சிராயைவிட மோசம். தடிப்பைக் கைக்கேற்பச் சீவவும் முடியாது.

எனக்கு இது பெரிய குறை. பிடியைச் சுற்றிப் பிடித்தால் விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். பெரும்பாலான கைக்கு ஒன்றேகால் இஞ்சியிலிருந்து ஒன்றரை இஞ்சி வரும். கடைப்பிடிகள் கண்ணின் அளவுக்கே முழு நீளமும் தடிப்பாக வருகின்றன. வெட்டுகிற பெண்களும் உண்டு, அவர்களின் கைக்கு அந்தத் தடிப்பு நாரி வலிக்கும் தோள் வலிக்கும் வழி. மரம் என்றால் வாய்ச்சியால் ஒரு சீவு, அரத்தால் ஒரு தேய்ப்பு, வேலை முடிந்தது.

சைக்கிள் டியூப் சுற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. மண்வெட்டியில் பின்கை நிற்கும், முன்கை ஓங்கும்போதும் இறக்கும்போதும் பிடியில் வழுக்கி ஓட வேண்டும். முழுப் பிடிக்கும் டியூப் சுற்றினால் முன்கை ஓடாது, தோல் உரியும். சுற்றத்தான் வேண்டுமென்றால் பின்கை நிற்கும் ஒரு சாண் மட்டும்.

கடைசியாக, எந்த மரம் போட்டாலும் மாரியில் ஊதும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் சுருங்கும். தகடு ஆடத் தொடங்கியதும் மண்வெட்டியை வாளித் தண்ணீரில் ஊறப் போடுவது நம்மில் பலருக்கு வழக்கம். அன்றைக்கு இறுகும். ஆனால் ஊதிய மரம் இரும்புக் கண்ணுக்குள் நசுங்குகிறது, காய்ந்ததும் முன்னையைவிடத் தளரும். அப்புறம் தினமும் ஊற வைக்க வேண்டிவரும். பதிலாக, பிடித்தலையில் வாள்வெட்டு ஒன்று போட்டு, நன்றாகக் காய்ந்த மரத்தில் ஆப்புச் சீவி இறக்குங்கள். ஆணி அடித்தால் மரம் பிளக்கும். மேலே பூசத் தேங்காய் எண்ணெய் சரிவராது, அது காயாது, பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும். மாரிக்கு முன்னம் ஒருதரம், கச்சானுக்கு முன்னம் ஒருதரம் பூசினால் போதும்.