ஸ்மார்ட் வாட்சா, ஸ்மார்ட் மோதிரமா: அப்பாவுக்கு எது?

அப்பாவுக்கு 64 வயது. ரொம்ப நாளாகச் சுகர். காலையில் வேலூர் கோட்டைப் பக்கம் நடந்துவிட்டு வருவார். நாடித்துடிப்பையும் தூக்கத்தையும் பார்க்க ஏதாவது வாங்கலாம் என்று ஆரம்பித்ததுதான். வாட்சா, மோதிரமா என்று வீட்டில் இரண்டு மாதம் வழக்கு ஓடியது.

உள்ளே நடக்கும் வித்தை இரண்டிலும் ஒன்றே. தோலுக்குள் வெளிச்சம் அடிக்கிறார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறையும். அதை எண்ணினால் நாடித்துடிப்பு. மணிக்கட்டின் மேல்பக்கம் பெரும்பாலும் எலும்பு, போதாததற்கு வாட்ச் ஆடும். விரலின் அடிப்பக்கம் ரத்தக்குழாய்கள் தோலை ஒட்டியே ஓடுகின்றன, மோதிரமும் அசையாது. தூக்கத்தைக் கணக்கெடுக்க மோதிரம்தான் வசதி. படுக்கும்போது வாட்சைக் கழற்றி வைப்பவர்கள்கூட மோதிரத்தை மறந்தே போவார்கள்.

எடையும் அப்படி. 2024-இல் வந்த சாம்சங் கேலக்ஸி ரிங் அளவைப் பொறுத்து 2.3 முதல் 3 கிராம். அரைப் பவுன்கூட இல்லை. ஒரு சார்ஜில் ஏழு நாள் வரை ஓடும் என்பது கம்பெனிக் கணக்கு. இந்தியாவுக்கு வந்தபோது விலை 38,999 ரூபாய். "அந்தக் காசுக்கு அரைப் பவுன் தங்கமே வாங்கியிருக்கலாமே" என்றார் அம்மா. அன்றைய விலைக்கு அவர் சொன்னது சரி.

ஆனால் மோதிரம் எல்லா விரலுக்கும் ஆகாது. மச்சான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறார். "மிஷின் பக்கம் மோதிரமா? விரலோடு போய்விடும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மிகை இல்லை, மோதிரம் மிஷினில் சிக்கினால் விரல் தோலையே உரித்துவிடும். இன்னொன்று, வெயிலுக்கு விரல் வீங்கும். மார்கழிக் குளிரில் அளவு பார்த்து வாங்கியது அக்னி நட்சத்திரத்தில் இறுக்கும். மாதிரி வளையம் கொடுத்தால் ஒரு பகல், ஒரு இரவு முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாட்சின் வேலைகள் வேறு. திரை உண்டு, நடந்த தூரம் கண்முன்னே தெரியும். நல்ல மாடல்களில் ஈ.சி.ஜி. உண்டு; ஆப்பிள் 2018-லேயே கொண்டுவந்தது. அது சீரற்ற துடிப்பைக் காட்டிக்கொடுக்கலாம், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. கீழே விழுந்தால் வீட்டுக்குத் தகவல் அனுப்பும் வசதியும் சிலவற்றில் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. தொல்லைகள்? பல மாடல்களை ஒருநாள் விட்டு ஒருநாள் சார்ஜ் போட வேண்டும், ரப்பர் வாருக்கு அடியில் வியர்வை தேங்கி அரிக்கும். அப்புறம், என் பாட்டியைப் போல முன்கையில் பச்சை குத்தியவர்களுக்கு, வெளிச்சத்தை மை குடித்துவிடுவதால் கணக்குத் தப்பலாம். அவர்கள் குத்தாத கையில் கட்ட வேண்டும்.

இனி சுகர். இதில் வாட்சும் மோதிரமும் ஒருசேரத் தோற்கின்றன. கடைவீதியில் 1,500 ரூபாய்க்கு ஒரு வாட்ச் வாங்கிவந்தேன், பெட்டியிலேயே 'ரத்தச் சர்க்கரை' என்று போட்டிருந்தது. சமையலறையில் இலவம்பாடி முள் கத்தரிக்காய் கிடந்தது. காம்பு முள் குத்தக் குத்த வாட்சை அதன்மேல் கட்டினேன். துடிப்பு 78, சுகர் 112. கத்தரிக்காய்க்கு என்னைவிட நல்ல உடம்பு!

ஊசி குத்தாமல் வாட்சோ மோதிரமோ சுகர் காட்டும் என்றால் நம்பாதீர்கள் என்று அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. நிஜமாகவே அளக்க வேண்டுமென்றால் மேல்கையின் பின்பக்கம் ஒட்டும் சென்சார் இருக்கிறது. மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போய் அங்குள்ள திரவத்தில் சர்க்கரையைப் பார்க்கும். பரவலாகக் கிடைக்கும் வகை 14 நாள் வரும். ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும், அதனால் சாப்பிட்டவுடன் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கடைசியில் அப்பாவுக்கு, விழுந்தால் தகவல் அனுப்பும் வாட்ச். ரப்பர் வாரை எடுத்துவிட்டுத் துணி வார் போட்டிருக்கிறேன். ஒட்டும் சென்சார் டாக்டர் சொல்லும்போது மட்டும். மோதிரத்தை எனக்கென்று வாங்கலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அம்மா மறுபடி அரைப் பவுன் கதையை எடுத்தார்.